டேவிட்டுக்குப் போட வேண்டிய ஊசி

1998 நவம்பர் 18, புதன்கிழமை.

வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மழைத் தண்ணீர் வாசல்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோலத்துக்கு வழியில்லை. பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்து, மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்தி, காபியைக் கலந்துகொண்டு பேப்பரைப் பிரித்தால்... பேப்பர் முழுக்க ஈரம். அதை ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சாய்த்து வைத்தேன். அங்கே எப்போதும் ஒரு சூடு இருக்கும், சீக்கிரம் காய்ந்துவிடும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மழைக்காலத்தில் நீங்களும் முயன்று பார்க்கலாம்.

ஃப்ரிட்ஜ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலையூரில் எங்கள் தெருவில் இன்னும் எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் வரவில்லை. அதனால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. மாடியில் இருக்கும் வாத்தியாரின் இன்சுலின், எதிர் வீட்டுப் பெண்ணின் நாளைய மல்லிகைப் பூ, மூலைக்கடை பாய் வீட்டு இட்லி மாவு... எல்லாம் உள்ளே இருக்கும். எல்லாவற்றின் மேலும் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருப்பேன். ஒழுங்கு என்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை. என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'லக்கேஜ் ரூம்'.

முந்தின நாள் மதியம் அந்த லக்கேஜ் ரூமுக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருந்தது. சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு மருந்துக் குப்பி. மேலே நான் ஒட்டிய சீட்டு — 'டேவிட்'.

டேவிட்டுக்கு வயது நான்கு மாதம். எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் ஜோசப் – மார்த்தா தம்பதியின் மகன். ஜோசப்புக்கு கேம்ப் ரோட்டில் ஆட்டோ ரிப்பேர் செய்யும் ஷெட். மார்த்தா படப்பைப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். டேவிட்டுக்கு மூத்தவள் ரூபி. போன மாதம்தான் அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டோம்.

ரூபிக்குக் காது கேட்காது.

பிறவியில் அல்ல. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்து, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்தாள். உயிர் திரும்பி வந்தது. காது மட்டும் வரவில்லை. இப்போது நகரத்தில் இருக்கும் காது கேளாத குழந்தைகள் பள்ளியில் படிக்கிறாள். உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். கொஞ்சம் பேசவும் செய்வாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். பழகியவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

டேவிட் பிறந்ததிலிருந்து ஜோசப்புக்கு ஒரே நினைப்புதான். அவளுக்கு வந்தது இவனுக்கு வந்துவிடக் கூடாது. சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார் — கைக்குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் ஒரு கிருமிக்கு இப்போது தடுப்பூசி வந்துவிட்டது, சர்க்கார் ஊசிகளோடு சேர்த்து அது கிடைக்காது, வெளியில்தான் வாங்க வேண்டும், விலையும் கொஞ்சம் அதிகம் என்று. ஜோசப் அன்றைக்கே சரி என்றுவிட்டான்.

மார்த்தா, "வேணாம்" என்றுவிட்டாள்.

ஏன் வேண்டாம்? சொல்லமாட்டாள். இந்த ஊசி மட்டுமா? நான்கு மாதக் குழந்தைக்குப் பிறந்த ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அதன் பிறகு எந்த ஊசிக்கும் அவள் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஜோசப் கெஞ்சினான், கோபித்தான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான். கடைசியில் அவன் பிடுங்கல் தாங்காமல் ஒருநாள் தலையாட்டினாள். ஒரே நிபந்தனை. "அக்கா கூட வரணும்."

அக்கா என்றால் நான்தான்.

டாக்டரம்மாவின் கிளினிக் கிழக்குத் தாம்பரத்தில். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது புதன்கிழமை காலையில். மருந்தோ செவ்வாய்க்கிழமை மதியம் மேற்குத் தாம்பரம் மெடிக்கல் ஷாப்புக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு ராத்திரி அதைக் குளிர்ச்சியில் பாதுகாக்க வேண்டும். டாக்டரம்மா போனில் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டுல வைங்க. மேல ஃப்ரீஸர்ல மட்டும் வெச்சிடாதீங்க." நானும் அப்படியே நடுத்தட்டில் வைத்தேன். சீட்டு ஒட்டினேன். பின்கட்டில் வழக்கம்போல வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் எழுதும் இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரையைத் தபாலில் சேர்க்கத் தாம்பரம் போனேன். மழையில் பஸ் கிடைக்காமல் திரும்பி வர இருட்டிவிட்டது. பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பெட்டி இருந்தது. சீட்டு இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

புதன்கிழமை காலைக்கு வருகிறேன்.

நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோதே ஜோசப் வந்து, "அக்கா, மருந்த நானே எடுத்து ஃப்ளாஸ்க்ல வெச்சிக்கினேன். நீங்க வந்து குந்துங்க, அவ்ளோதான்" என்று குரல் கொடுத்தான். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

"இது யார் ஆட்டோ ஜோசப்?"

"ரிப்பேருக்கு வந்த வண்டிக்கா. பிரேக்கு சரி பண்ணியாச்சு. ஓட்டிப் பாத்துதான குடுக்கணும்?"

"எங்களை வெச்சா ஓட்டிப் பார்க்கப் போற?"

"உங்கள வெச்சினா பத்தரமா ஓட்டுவேன்ல!"

மழையால் ரூபிக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவளும் ஏறிக்கொண்டாள். மார்த்தா குழந்தையை இரண்டு துண்டால் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். கேம்ப் ரோடு முழுக்கத் தண்ணீர். வழியெல்லாம் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ரூபி குனிந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அவள் ரகசியம் முன்சீட்டு வரைக்கும் கேட்கும். "அம்மா ஜெபம் பண்றாங்க."

டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. "சூப்பர். மருந்தைக் குடுங்க" என்றார்.

ஜோசப் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, ஐஸ் துண்டுகளுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கவிழ்த்தார். உள்ளே ஒன்றும் நகரவில்லை.

"இது எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல, நடுத்தட்டுல" என்றேன் நான்.

"ஃப்ரீஸர்ல மேடம்" என்றான் ஜோசப், அதே நொடியில்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"நேத்து நீங்க வெளில போனீங்களேக்கா, அப்ப கரண்ட் பூடுச்சி. ஓடியாந்து தொறந்து பாக்குறேன், உள்ள லைட்டும் இல்ல, ஃப்ரிட்ஜு சத்தமும் இல்ல. மருந்து கெட்டுப் பூடுமேன்னு பேஜாராப் போச்சு. மேல ஐஸ் கீதே, அதுக்குள்ள வெச்சா சில்லுனு இருக்கும்னு..."

"பெட்டி நடுத்தட்டுலதானே இருந்துது?" என்றேன்.

"பெட்டி நனைஞ்சிடும்ல! அதான் குப்பிய மட்டும் எடுத்தேன்."

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "சரி, அப்புறம் கரண்ட் வந்ததா?"

"வந்துச்சு மேடம்."

"வந்ததும் எடுத்துக் கீழ வெச்சிருக்கலாமே?"

ஜோசப் மிகவும் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டான். "சில்லுனு இருக்கணும்னுதான மேடம் மெடிக்கல் ஷாப்புல சொன்னாங்க? இன்னும் ஜாஸ்தி சில்லுனு இருந்தா இன்னும் ஜாஸ்தி நல்லதுதான?"

யோசித்துப் பாருங்கள். ஒரு நட்டை எவ்வளவு முறுக்கலாம், அதற்கு மேல் முறுக்கினால் மரை கெட்டுவிடும் என்று விரல் நுனியில் தெரிந்து வைத்திருக்கும் மெக்கானிக். அவனுக்குத் தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் அந்த அளவு தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிகிறதா என்ன? காய்ச்சல் குழந்தைக்கு மூன்று கம்பளி போர்த்துகிற ஆட்கள்தானே நாம்?

"உறைஞ்சு போனா இந்த மருந்துல சத்து போயிடும்" என்றார் டாக்டரம்மா. "திரும்பக் கரைச்சாலும் பிரயோஜனம் இல்ல. ஊசி போட்ட மாதிரி இருக்கும். ஆனா உள்ள பாதுகாப்பு இருக்காது. நான் போடமாட்டேன்."

ஜோசப்பின் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் மார்த்தா எழுந்தாள். குழந்தையைத் துண்டால் மறுபடி சுற்றினாள். "போதும் மேடம். வேணாம்னு மேல இருக்கிறவரே சொல்லிட்டாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஒரு 'சரி', அந்த ஐஸ் குப்பியோடு சேர்ந்து கையை விட்டுப் போகிறது என்று புரிந்தது.

"ஒரு நிமிஷம் உட்காரும்மா" என்றார் டாக்டரம்மா. "இந்தக் கிருமி சாதாரணமா தொண்டையிலயும் மூக்குலயும் இருக்கிறதுதான். பெரியவங்களை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. சின்னக் குழந்தைங்களுக்குச் சில சமயம் ரத்தத்துல கலந்து, மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வுக்குப் போயிடும். மருந்து குடுத்துக் காப்பாத்தினாலும், போகும்போது எதையாவது எடுத்துட்டுப் போயிடும். அது வராம இருக்கத்தான் இந்த ஊசி."

"ரூபிக்கு வந்தது இதுதானா மேடம்?" என்று கேட்டான் ஜோசப்.

"அதை இப்ப சொல்ல முடியாது. மூளைக் காய்ச்சல்லயே பல வகை இருக்கு. இந்த ஊசி எல்லாத்தையும் தடுக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன். இந்த ஒரு கிருமியைத் தடுக்கும். குழந்தைங்களை அதிகமா பிடிக்கிற கிருமிகள்ல இது ஒண்ணு. ரூபி பொறந்தப்ப இந்த ஊசி நம்ம ஊருக்கே வரல. இப்ப வந்திருக்கு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

மார்த்தா மருந்து அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா வாசல் வரை வந்தார். "குரோம்பேட்டையில என் ஃப்ரெண்டும் குழந்தைங்க டாக்டர்தான். அவங்ககிட்ட ஒரு டோஸ் இருக்கும். நாளைக்கு வரும்போது நானே எடுத்துட்டு வரேன். ஊசிக்கிழமை இல்லன்னாலும் பரவாயில்ல. முதல் கேஸா வந்துடுங்க" என்றவர், ஜோசப்பைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மருந்தெல்லாம் தூக்கிட்டு வர வேணாம். குழந்தையை மட்டும் தூக்கிட்டு வாங்க."

அவன் சிரிக்கவில்லை. ஆட்டோவில் யாருமே சிரிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு எழுத்து வேலை ஓடவில்லை. நாளைக்கு அவள் வருவாளா, மாட்டாளா? வரமாட்டாள் என்றுதான் மனம் சொன்னது. பிள்ளையைப் பெற்றவள் வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு தூரம் பேசலாம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சாயங்காலம் வெங்காய பஜ்ஜி போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சும்மா போக ஒரு காரணம் வேண்டுமில்லையா?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரூபிக்குத் தெரியக் கூடாத விஷயம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவார்கள். மற்ற வீடுகளில் குரலைத் தாழ்த்துவோம். இவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். நான் போனபோதும் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்கள். பாயில் டேவிட் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் ரூபி உட்கார்ந்து அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு எம்மேலதான். ஒத்துக்கிறேன்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான் ஜோசப். "அதுக்கு கொயந்த இன்னா பண்ணுச்சி? நாளிக்குப் போலாம் மார்த்தா."

"நான் வரல. நீயும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"ஏன்னு சொல்லு! அத்த மட்டும் சொல்ல மாட்றியே!"

ரூபி எழுந்தாள். தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அவள் யாரையாவது கூப்பிடுவது அப்படித்தான். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்னைப் பத்தித்தான் பேசுறீங்க" என்றாள் ரூபி.

"இல்லம்மா" என்றான் ஜோசப்.

"பொய். சுவர் பாத்துப் பேசினா என்னைப் பத்தி."

மறைப்பதற்காகத் திரும்புகிறவர்களைப் பார்த்தே அது என்ன என்று படித்துவிடுகிறாள் இந்தப் பெண். எத்தனை வருஷமாகவோ?

அவள் நேராக அம்மாவிடம் போனாள். மார்த்தா தலையைக் குனிந்திருந்தாள். ரூபி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, லைட் இருக்கும் பக்கம் திருப்பினாள். டீச்சர் செய்வதுபோல. "இப்ப சொல்லுங்க" என்றாள்.

மார்த்தா அழுதாள். அழுகை நின்ற பிறகு, மகள் முகத்தைப் பார்த்து மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உனக்கு ஒம்போது மாசம். ஊசி போட நான்தான் தூக்கிட்டுப் போனேன். அப்பா வேலைக்குப் போயிட்டாரு. நான்தான் உன் காலைப் புடிச்சிக்கிட்டேன். அந்த வாரமே காய்ச்சல் வந்துச்சு. அப்புறம்... இப்படி ஆயிடுச்சு. தெருவுல எல்லாரும் சொன்னாங்க, ஊசியாலதான்னு. நான் தூக்கிட்டுப் போகாம இருந்திருந்தா..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

ஜோசப் வாயைத் திறந்தபடி நின்றான். "ஒம்போது வருசமா இத்த மனசுல வெச்சினா இருந்த?"

"நீ கேக்கலையே."

"நீ சொல்லலையே மார்த்தா!"

தெருவில் ஊசியைத்தான் சொன்னார்கள். அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவன் சொல்லவில்லை, எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால்தான் யாரும் அவளிடம் 'இல்லை' என்று சொல்லவும் இல்லை. சொல்லாத குற்றத்துக்கு யார் போய் மறுப்புச் சொல்வார்கள்? நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, ரூபி முந்திக்கொண்டாள்.

அவள் முகத்தில் வருத்தம் இல்லை. ஏதோ ஒரு கணக்கை அம்மா தப்பாகப் போட்டுவிட்டாள் என்பதுபோலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊசியா?" என்றாள். "ஊசி இல்ல. காய்ச்சல்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் முகம் அவளுக்குத் தெரியும்படி குனிந்துதான் கேட்டேன்.

"என் க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதும், கையால் காட்டியதும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப் பிள்ளை வந்து சேர்ந்தால், மற்றப் பிள்ளைகள் முதலில் பேர் கேட்பார்கள். அடுத்த கேள்வி — உனக்கு எப்படி? நாம் 'சொந்த ஊர் எது' என்று கேட்பது மாதிரி. அதில் வெட்கமும் இல்லை, துக்கமும் இல்லை. பிறக்கும்போதே என்பார்கள் சிலர். காய்ச்சல் என்பார்கள் சிலர். காதில் சீழ் வந்தது என்று ஒருத்தி. கீழே விழுந்தேன் என்று ஒருத்தன்.

"ஜெயந்தி, காய்ச்சல்" என்றாள் ரூபி, விரலை மடக்கியபடி. "என்னை மாதிரி. கழுத்து இப்படி ஆச்சு." தன் கழுத்தைப் பின்னால் சாய்த்துக் காட்டினாள். "ஜெயந்தி ஊசி போட்டதே இல்ல. அவங்க அம்மா டீச்சர்கிட்ட சொன்னாங்க. நான் பாத்தேன்."

'நான் பாத்தேன்' என்றால் உதட்டைப் பார்த்தேன் என்று அர்த்தம்.

மார்த்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயந்திக்கு... ஊசி போடவே இல்லையா?"

"இல்ல. அவங்க அம்மாவும் அழுதாங்க. ஊசி போடாம விட்டுட்டேன், அதான் இப்படி ஆச்சுன்னு அழுதாங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊசி போட்ட அம்மா ஒரு பக்கம் அழுகிறாள். ஊசி போடாத அம்மா இன்னொரு பக்கம் அழுகிறாள். வந்தது என்னவோ காய்ச்சல். அது எந்த அம்மாவையும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"உங்க க்ளாஸ்ல..." மார்த்தா மகள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊசியால இப்படி ஆச்சுன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்லையா?"

ரூபி பெஞ்சு பெஞ்சாக ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது அவள் கண்ணில் தெரிந்தது. விரல்கள் மடங்கின, விரிந்தன. கடைசியில் தலையை ஆட்டினாள்.

"ஒருத்தரும் இல்ல."

பிறகு என் தட்டைப் பார்த்தாள். "எனக்கு ஒரு பஜ்ஜி?"

தட்டை அவள் கையிலேயே கொடுத்தேன்.

மார்த்தா நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஜோசப் அவளைக் கேட்கவும் இல்லை. அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, கழுவி, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். அவன் பாத்திரத்தில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. நானும் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அந்த அளவுக்காவது அளவு தெரிய வேண்டாமா எனக்கு?

வியாழக்கிழமை.

பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், மழை விட்டிருந்தது. வாசலில் மார்த்தா. குளித்து, தலை வாரி, இடுப்பில் குழந்தை. குழந்தைக்குப் புதுச் சட்டை. பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ரூபி.

"என்னக்கா, இன்னும் கெளம்பலையா?" என்றாள் மார்த்தா. "முதல் கேஸா வரச் சொன்னாங்கல்ல?"

எனக்கு அன்றைக்கு மோட்டாரும் இல்லை, காபியும் இல்லை. ஒழுங்கெல்லாம் ஒருநாள் கெட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாங்கள் போனபோது கிளினிக்கில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா மருந்தோடு வந்து, கை கழுவி, நாற்காலியைக் காட்டினார். ஜோசப் குழந்தையை வாங்கக் கையை நீட்டினான்.

"நீ தள்ளு" என்றாள் மார்த்தா. "நான் புடிச்சிக்கிறேன்."

அவளே உட்கார்ந்தாள். டேவிட்டை மடியில் கிடத்தி, தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். பிடி தளரவில்லை. கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை.

"இன்னைக்கு லேசா காய்ச்சல் வரலாம். சொட்டு மருந்து எழுதித் தரேன். பயப்படக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

"பயமாத்தான் இருக்கும் மேடம்" என்றாள் மார்த்தா. "நீங்க போடுங்க."

போட்டார்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு டேவிட் வாயைத் திறந்தான் பாருங்கள்... வெளியே பெருக்கிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். மார்த்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்று தட்டிக்கொண்டே இருந்தாள். அவனிடம்தான் சொன்னாளா என்று எனக்குச் சந்தேகம்.

ரூபி எக்கி நின்று, தம்பியின் முதுகில் உள்ளங்கையைப் பதித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பப்பா... என்னா சத்தம்!"